கனெக்டிங் ராடின் மேல் ஒரு நடை

என்ஜின் அசெம்பிளியில் நிற்பவருக்குக் கனெக்டிங் ராடைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் ஒரு முனை பிஸ்டனோடு சேர்ந்து நேர்கோட்டில் போய்வரும்; மறுமுனை கிராங்கோடு சேர்ந்து வட்டமடிக்கும். அந்த ராடின் நடுவில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துவிட்டுக் கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். புள்ளி நேர்கோட்டிலும் போகாது, வட்டத்திலும் போகாது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நீள்வட்டத்தில் போகும். புள்ளியைப் பிஸ்டன் பக்கம் தள்ளி வைத்தால் நீள்வட்டம் தட்டையாகும். கிராங்க் பக்கம் கொண்டுபோனால் உருண்டு வட்டத்தை நெருங்கும். இப்போது ராடைப் படுக்கவைத்து, பிஸ்டன் இருந்த இடத்தில் தண்டவாளத்தில் உருளும் ஒரு சிறு சக்கரத்தை மாட்டி, புள்ளி இருந்த இடத்தில் மிதிகட்டையைப் பொருத்தி, இரண்டு காலுக்கும் இரண்டு ராடு கொடுத்தால் கிடைப்பதுதான் எலிப்டிகல் டிரெய்னர். ஜிம்மில் கிராஸ் டிரெய்னர் என்பார்கள். கணக்கு வாத்தியார் யாராவது, 'அது சுத்தமான நீள்வட்டம் இல்லை, ஒரு பக்கம் கொஞ்சம் சப்பையாக இருக்கும்' என்று திருத்தக்கூடும். காலுக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை.

இந்த மெஷினைப் பற்றிப் பேச வல்லக்கோட்டை தோதான இடம். ஏழடி உயர முருகனுக்கும் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழுக்கும் பெயர்பெற்ற ஊர். இந்த நூற்றாண்டில் அதைச் சுற்றி முற்றிலும் வேறொரு ஊர் எழுந்துவிட்டது. ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து 2010-இல் கார் ஆலை திறந்தன. 2012-இல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை வந்தது. 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஒரகடத்துக்கு வந்தது. 2017-இல் வல்லம் வடகாலில் இன்னொரு ஆலையையும் தொடங்கியது. உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளை எண்ணி மாளாது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்குகிறவர்கள் சுற்றியுள்ள ஊர்களின் மாடி வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். முப்பதைத் தாண்டுவதற்குள் தொப்பை, பிரஷர், சர்க்கரை என்ற பேச்சு வந்துவிடுகிறது. வாக்கிங் போகலாம் என்றால், செகண்ட் ஷிப்ட் முடிந்து வரும் நேரத்தில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எங்கே போய் நடப்பது? அப்போதுதான் தவணையில் ஒரு மெஷின் வாங்கிப் போட்டால் என்ன என்ற யோசனை பிறக்கிறது.

வாங்கலாம், ஆனால் எல்லோரும் அல்ல என்பது என் கட்சி. யார் வாங்கலாம் என்பதற்கான விடை பெரும்பாலும் அந்த மெஷினின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவரும் ஒரு கார் கம்பெனிக்காரர்தான். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் பொறியாளராக இருந்த லாரி மில்லர், தன் மகள் ஓடுவதைப் பக்கவாட்டில் இருந்து படம்பிடித்து, கால் போகும் பாதையை வரைந்து பார்த்து இந்த வடிவத்துக்கு வந்தார் என்று சொல்லப்படுகிறது. பிரிகோர் என்ற நிறுவனம் அதை 1995-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கால் தரையில் மோதாமல் ஓட்டத்தின் அசைவு மட்டும் கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அது நிறைவேறியது. ஆனால் அந்த மெஷின் ஒரு பெரிய ஜிம் மெஷின். இன்று நம் வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் அதன் சுருங்கிய வடிவம். சுருக்கும்போது எது போய்விடுகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் போவது அடியின் நீளம். பின்பக்கம் கிராங்கும் முன்பக்கம் தண்டவாளமும் உள்ள வகையில், மிதிகட்டை முன்னும் பின்னும் போகும் மொத்தத் தூரம் ஏறக்குறைய கிராங்க் ஆரத்தின் இரண்டு மடங்கு. ராடின் ஒரு முனை அவ்வளவு தூரம் போய்வருகிறது. மறுமுனையும் அவ்வளவே போய்வருகிறது. நடுவில் இருப்பதற்கு வேறு வழியில்லை. 50 சென்டிமீட்டர் அடி வேண்டுமானால் 25 சென்டிமீட்டர் கிராங்க் வேண்டும். அது சுற்ற இடம் வேண்டும், அதைத் தாங்கச் சட்டம் வேண்டும். அதனால்தான் நல்ல எலிப்டிகல் ஒரு கட்டிலளவு இடத்தைக் கேட்கிறது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் சாதாரணமாக நடக்கையில் ஓர் அடிக்கு 65 சென்டிமீட்டருக்கு மேல் எட்டி வைக்கிறார். ஜிம் மெஷின்களில் அது 50 சென்டிமீட்டர் ஆகிறது, பழகிக்கொள்ளலாம். மலிவு மெஷின்களில் 30, 35 என்று குறைந்துவிடும். போதாக்குறைக்கு, இடத்தை மிச்சப்படுத்த மிதிகட்டையைக் கிராங்குக்கு அருகிலேயே பொருத்திவிடுகிறார்கள். முதல் பத்தியில் பார்த்ததுபோல, கிராங்கை நெருங்கினால் பாதை வட்டமாகிவிடும். ஆக, நீள்வட்டம் என்ற பெயரில் வாங்கி, சீட் இல்லாத சைக்கிளை நின்றுகொண்டு மிதிக்கிறோம். உயரமானவருக்கு முட்டி மடங்குவதும் விரிவதும் அரைகுறையாகவே நடக்கும். 'ஏர் பைக் மாதிரியும் ஓட்டலாம், எலிப்டிகல் மாதிரியும் ஓட்டலாம்' என்று இரண்டையும் ஒன்றாக்கி விற்கும் வகைகளில் இந்தக் கோளாறு கூடுதல்.

இரண்டாவது ஃப்ளைவீல். ராடும் கிராங்கும் ஒரே கோட்டில் வந்து நிற்கும் இடத்தை டெட் சென்டர் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். அந்த நொடியில் எவ்வளவு தள்ளினாலும் கிராங்க் சுற்றாது. என்ஜினில் அந்த இடத்தைத் தாண்ட வைப்பது ஃப்ளைவீல் சேர்த்து வைத்திருக்கும் சுழற்சி ஆற்றல். எலிப்டிகலிலும் அதே வேலைதான். ஃப்ளைவீல் பலவீனமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் கால் திக்கும். அந்தத் திக்கலை முட்டி வாங்கிக்கொள்ளும்.

கடைக்காரர் 'ஆறு கிலோ ஃப்ளைவீல் சார், எட்டு கிலோ சார்' என்று எடையைச் சொல்வார். எடையை மட்டும் கேட்டுக்கொண்டு வருவது பாதிக் கணக்கு. சுழலும் சக்கரத்தின் ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்திலும், வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் ஏறும். எடையை இரட்டித்தால் ஆற்றல் இரண்டு மடங்கு. சுற்றும் வேகத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு. எடை சக்கரத்தின் நடுவில் இருக்கிறதா, விளிம்பில் இருக்கிறதா என்பதும் முக்கியம். ஐந்து கிலோ சக்கரத்தையே நல்ல புல்லி விகிதத்தில் வேகமாகச் சுற்றவிட்டால், மந்தமாகச் சுற்றும் எட்டு கிலோவை அது தோற்கடித்துவிடும். இதையெல்லாம் பெட்டியில் அச்சடிப்பதில்லை. ஏறி நின்று, மிக மெதுவாக மிதித்துப் பார்ப்பதே வழி. மெதுவாக மிதிக்கும்போதும் தடங்கல் இல்லாமல் போனால் நல்ல மெஷின். வேகமாக மிதித்தால் எல்லா மெஷினும் வழவழவென்றுதான் போகும்.

மூன்றாவதாக பிரேக். ஃப்ளைவீலின் ஓரத்தில் காந்தங்கள் இருக்கும். குமிழைத் திருகினால் அவை சக்கரத்தை நெருங்கும். தொடவே தொடாது. ஆனாலும் சக்கரம் கனக்கும். காந்தப் புலத்துக்குள் ஓடும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, தன்னைப் பிறப்பித்த அசைவையே அது எதிர்க்கிறது. பூமி சுழல்வதை ஊசல் வைத்துக் காட்டிய லியோன் ஃபூக்கோ 1855-இல் கண்ட விளைவு இது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் அவர் பெயரிலேயே படித்திருப்போம். என்ஜின்களின் திறனை அளக்கும் டைனமோமீட்டர்களில் ஒரு முக்கிய வகை இதே சுழல் மின்னோட்டத்தில்தான் ஓடுகிறது. கனரக வாகனங்களில் பிரேக் ஷூ தேயாமல் வேகத்தைத் தணிக்கும் ரிட்டார்டரிலும் இந்த முறை உண்டு. உரசல் இல்லை, ஆகவே தேய்மானம் இல்லை, சத்தமும் இல்லை. மாடி வீட்டில் இரவு பதினொரு மணிக்கு மிதித்தாலும் கீழே இருக்கும் ஹவுஸ் ஓனர் கதவைத் தட்ட மாட்டார். ஸ்கிப்பிங்குக்கும் டிரெட்மில்லுக்கும் இந்தச் சலுகை கிடையாது. பெரும்பாலான வீட்டு எலிப்டிகல்களுக்குக் கரண்டும் வேண்டாம்; திரைக்கு இரண்டு பேட்டரி போதும்.

ஆனால் இந்த பிரேக்குக்கு ஒரு குணம் உண்டு. நாம் மிதிக்கும் வேகத்தில், சக்கரம் மெதுவாகச் சுற்றினால் தடையும் குறைந்துவிடும். வேகம் குறையக் குறைய அது நம்மை விட்டுவிடும். டிரெட்மில் அப்படியல்ல, பெல்ட் போகிற வேகத்துக்கு நாம் போயாக வேண்டும். எலிப்டிகலில் குமிழை ஒன்றில் வைத்துக்கொண்டு, செல்போனில் படம் பார்த்தபடி, கைப்பிடியில் பாதி உடம்பைச் சாய்த்து நாற்பது நிமிடம் மிதித்துவிட்டு, உடற்பயிற்சி செய்ததாக மனதார நம்பலாம். இந்த மெஷினின் பெரிய வசதி அது தரும் சுகம். பெரிய ஆபத்தும் அதுதான்.

திரை அந்த நம்பிக்கைக்கு நெய் ஊற்றுகிறது. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உடல்திறன் ஆய்வகம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஜிம் மெஷின்களைச் சோதித்தபோது, எல்லா மெஷினும் எரித்த கலோரியைக் கூட்டியே காட்டின. அதில் முதலிடம் எலிப்டிகலுக்கு: 42 சதவீதம் கூடுதல். மலிவு மெஷின்களில் நிலைமை இன்னும் வேடிக்கை. அவற்றில் பலவற்றின் திரை, ஃப்ளைவீலில் ஒட்டிய ஒரு சிறு காந்தம் எத்தனை தடவை கடந்து போனது என்று மட்டும் எண்ணும். குமிழ் ஒன்றில் இருக்கிறதா எட்டில் இருக்கிறதா என்பதே அதற்குத் தெரியாது. எவ்வளவு விசை கொடுத்தோம் என்று அறியாமல் எவ்வளவு வேலை செய்தோம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

நாமே கணக்குப் போட்டுவிடலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவிடும் ஆற்றலை ஒரு பங்கு என்று வைத்து, மற்ற வேலைகளை அதன் மடங்குகளாகச் சொல்வது வழக்கம். அதை மெட் என்பார்கள். நடுத்தர வேகத்தில் எலிப்டிகல் 5 மெட். மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் என்ற விறுவிறு நடை 4.3 மெட். ஒரு மெட் என்பது கிலோவுக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு கலோரி. 70 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் எலிப்டிகல் மிதித்தால் 175 கலோரி, நடந்தால் 150. சும்மா உட்கார்ந்திருந்தாலே 35 போயிருக்கும் என்பதால் உண்மையான இலாபம் 140-ம் 115-ம்தான். வித்தியாசம் 25 கலோரி. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு டீயில் சர்க்கரை மட்டும் 40 கலோரி. டீ பிரேக்கில் மூன்று டீ குடிப்பவர், அரைமணி நேர மெஷின் வேலையைப் பெரும்பாலும் டம்ளரிலேயே திருப்பி எடுத்துக்கொள்கிறார். எடை குறைக்க என்று மட்டும் எலிப்டிகல் வாங்குகிறவர்கள் முதலில் சமையலறை எண்ணெய் டின்னைப் பார்ப்பது நல்லது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி.

அப்படியானால் நடையே போதுமே என்று தோன்றும். நடக்க இடமும் நேரமும் முட்டியும் இருப்பவருக்குப் போதும்தான். கோயில் பக்கத்திலேயே குடியிருந்து காலையில் வெளிச்சத்தில் நடக்க முடிந்தவர் மெஷினுக்கான நாற்பதாயிரம் ரூபாயை வங்கியில் போடலாம். தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அறிவித்துத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் மாவட்டத் தலைநகரில் இருக்கும் நடைபாதையால், ஒரகடம் சந்திப்பில் இரவில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவருக்கு என்ன பயன்?

முட்டி விஷயத்தைத் தனியே சொல்ல வேண்டும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நடக்கும்போது எடையைவிடக் கொஞ்சம் கூடுதல். எலிப்டிகலில் பாதம் மிதிகட்டையை விட்டு எழுவதே இல்லை என்பதால் தரையில் இறங்கும் அந்த மோதல் இல்லை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர், பருமனாக இருந்து புதிதாகத் தொடங்குபவர், குதிகால் வலியால் நடையை நிறுத்தியவர் — இவர்களுக்கு இந்த மெஷின் வரப்பிரசாதம். ஒரு விதிவிலக்கு உண்டு. முட்டி எப்போதும் சற்று மடங்கியே இருக்க, தொடையின் முன்தசை ஓயாமல் வேலை செய்வதால், முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலி உள்ளவர்களில் சிலருக்கு வலி கூடுவதும் உண்டு. வாங்குவதற்கு முன் தெரிந்தவர் வீட்டிலோ ஜிம்மிலோ சில நாள் மிதித்துப் பார்த்துவிட வேண்டும். பாதம் ஒரே இடத்தில் அழுந்தி இருப்பதால் விரல்கள் மரத்துப்போவது சகஜம். குதிகாலையும் அழுத்தி மிதித்தால் குறையும்.

மோதல் இல்லாதது எலும்புக்கு நல்ல செய்தி அல்ல. எந்தச் சுமை தன்மேல் விழுகிறதோ அதற்கேற்ப எலும்பு தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும் என்று ஜெர்மனியின் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் எழுதினார். விண்வெளி நிலையத்தில் எடையற்று மிதப்பவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒரு சதவீதம், ஒன்றரை சதவீதம் என்று கரைகிறது. டிரெட்மில்லில் பட்டை கட்டி இழுத்துப் பிடித்து அவர்களை ஓடவைப்பது அதனால்தான். எலிப்டிகல் இதயத்துக்கும் மூச்சுக்கும் வேலை கொடுக்கும், எலும்புக்குப் போதிய தட்டல் கொடுக்காது. நாற்பதைத் தாண்டிய பெண்கள் இதை மட்டுமே நம்பக்கூடாது. மாடிப்படி ஏறி இறங்குவதும் சுமை தூக்குவதும் தனியே வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அதற்கு மெஷின் தேவையில்லை. தண்டாலும் தோப்புக்கரணமும் ஓசியில் கிடைக்கின்றன.

இந்தப் பகுதிக்கே உரிய கேள்விக்கு வருவோம். 'எட்டு மணி நேரம் லைனில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறேன், குனிகிறேன், தூக்குகிறேன், எனக்கு எதற்கு எக்சர்சைஸ்?' நியாயமான கேள்வி. இதற்கு அறிவியல் ஒரு காலத்தில் ஒரு பதில் சொன்னது, இப்போது வேறொரு பதில் சொல்கிறது.

1953-இல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் இரட்டை மாடி பஸ் ஊழியர்களை ஒப்பிட்டார். நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் எண்களால் காட்டிய ஆய்வு அது. வேலைக்குச் சேரும்போதே டிரைவர்கள் பருமனாக இருந்தார்களோ என்ற சந்தேகம் வந்தபோது, யூனிஃபார்ம் தைத்தவர்களிடம் இருந்த இடுப்பளவுக் குறிப்புகளை வாங்கிப் பார்த்தார் அவர். டிரைவர்களின் பேண்ட் பெரிதாகத்தான் இருந்தது. (நம் சென்னை மாநகரப் பேருந்தில் கண்டக்டர் சீட்டிலேயே உட்கார்ந்துகொள்ள, காசு கைமாறிக் கைமாறிப் போகும். மோரிஸ் இங்கே வந்திருந்தால் ஆய்வு படுத்திருக்கும்.)

அந்த ஆய்வை வைத்துப் பார்த்தால் லைனில் நிற்பவருக்குக் கவலை இல்லை. ஆனால் டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் என்ற ஆய்வாளரின் குழு 1,04,046 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைந்தன. வேலையில் அதிகம் உழைத்தவர்களுக்கு அவை கூடின. ஒரே உடம்பு, ஒரே வியர்வை, நேரெதிர் விளைவு. இதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் நம் ஆட்களுக்குச் சட்டென்று புரியும். வேலையில் செய்யும் அசைவு இதயத் துடிப்பை உயர்த்திப் பயிற்சி கொடுக்கும் அளவுக்கு வேகமானதல்ல. ஆனால் மணிக்கணக்கில் ஓயாமல் நீள்கிறது. ஒரே நிலையில் நிற்பதும் சுமையைத் தாங்கிப் பிடிப்பதும் இரத்த அழுத்தத்தை நாள் முழுக்க ஏற்றி வைக்கின்றன. களைத்தால் நிறுத்தும் உரிமை தொழிலாளியிடம் இல்லை. அது லைனின் வேகத்திடம் இருக்கிறது. கடின உழைப்பாளிகள் பொதுவாகவே குறைந்த வருமானமும் மோசமான வீட்டு வசதியும் உள்ளவர்கள், அதுவும் சேர்ந்துதான் எண்ணைக் கெடுக்கிறது என்று மறுப்பவர்களும் உண்டு. வாதம் தீரவில்லை. ஆனாலும் எட்டு மணி நேரம் நிற்பதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுத முடியாது என்ற அளவுக்கு நான் ஏற்கிறேன்.

இதில் இருந்து, லைன் ஆள் வீட்டுக்கு வந்ததும் மெஷினில் ஏறி இன்னும் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்று முடிவுகட்டினால் அது கொடுமை. அவருடைய காலுக்கு முதலில் வேண்டியது ஓய்வு. பிறகு, பேச முடிகிறது ஆனால் பாட முடியவில்லை என்ற அளவுக்கு மூச்சு ஏறும் பதினைந்து, இருபது நிமிடம். அதுவும் வாரத்தில் சில நாள். மாறாக, கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பிளானிங் ஆள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், கம்பெனி பஸ் டிரைவர் ஆகியோருக்கு நின்று மிதிக்கும் மெஷின் நேரடியாகவே பொருந்தும். ஒரே ஆலையில் இருந்து வந்தாலும் இருவருக்கும் மருந்துச் சீட்டு ஒன்றல்ல.

சர்க்கரைக் கணக்கு இரண்டு பேருக்கும் பொது. சென்னை நீரிழிவு ஆய்வு மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது பத்து கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. இரவில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் பகலைவிடக் குறைவு. நைட் ஷிப்டில் நள்ளிரவுச் சோறு சாப்பிடுகிறவருக்கு அதனால் இரட்டை அடி. இங்கேதான் வீட்டில் இருக்கும் மெஷினுக்கு உண்மையான மதிப்பு. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும், சுருங்கி விரியும் தசை இன்சுலினைக் கேட்காமலேயே இரத்தத்தில் இருந்து குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். தசைச் செல்லுக்குள் பதுங்கியிருக்கும் ஒரு கடத்திப் புரதம் அசைவு தொடங்கியதும் செல்லின் மேற்பரப்புக்கு வந்து வாசல் திறக்கிறது. சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம் மெதுவாக மிதித்தாலே போதும், சர்க்கரை ஏறும் உச்சம் தணியும். சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு உடை மாற்றி, ஷூ போட்டு, தெருவில் இறங்கி நடப்பவர் எத்தனை பேர்? மெஷின் கூடத்தில் இருந்தால் வெறுங்காலோடு ஏறிவிடலாம். சர்க்கரை நோயாளி மட்டும் செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் மெஷின் இருப்பதே பயிற்சியை நீடிக்கச் செய்யுமா என்பதை ஜான் ஜாகிசிக் என்பவரின் குழு சோதித்து 1999-இல் வெளியிட்டது. 148 பருமனான பெண்கள், 18 மாதங்கள். நாளின் பயிற்சியைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துச் செய்யச் சொன்னவர்களில், வீட்டில் டிரெட்மில் தரப்பட்டவர்கள் மெஷின் இல்லாதவர்களைவிட நீண்ட நாள் விடாமல் செய்தார்கள். எடையும் அவர்களுக்கே கூடுதலாகக் குறைந்தது. ஆனால் அவர்களுக்குக் கூடவே வகுப்புகளும் கண்காணிப்பும் இருந்தன. அது இல்லாத வீட்டில் எலிப்டிகலின் கைப்பிடி ஈரத்துண்டு காயப்போடத் தோதான உயரத்தில் இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

வாங்குவது என்று முடிவானால் அறையை அளக்க வேண்டும். தரையை அல்ல, மேலே. மிதிகட்டை உச்சிக்கு வரும்போது பாதம் தரையில் இருந்து ஓர் அடிக்கு மேல் உயர்ந்திருக்கும். ஐந்தரை அடி ஆளின் தலை ஏழடியைத் தொட்டுவிடும். தாழ்வான கூரை, அதில் தொங்கும் ஃபேன், உற்சாகத்தில் மேலே தூக்கிய கை என்ற மூன்றும் சேரக்கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மாடி அறைகளில் இது விளையாட்டு அல்ல. நல்ல மெஷினின் எடை 40, 50 கிலோ இருக்கும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் வீடு மாறுகிறவர்கள், அடுத்த வீட்டின் படிக்கட்டில் அதைத் திருப்பி ஏற்றுவதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். பதினைந்தாயிரத்துக்குக் கிடைப்பதை வாங்குவதற்குப் பதில் நல்ல ஷூ ஒன்றும் ஸ்கிப்பிங் கயிறு ஒன்றும் வாங்கலாம் என்பது என் எண்ணம். குட்டை அடியும் லேசான ஃப்ளைவீலும் உள்ள மெஷினைக் கால் வெறுக்கும். வெறுத்த மெஷினில் யாரும் ஏற மாட்டார்கள்.

தனித்தனி வீட்டுக்கு ஒன்று என்பதைவிட, பலருக்கு ஒன்று என்பதே இந்த மெஷினுக்குப் பொருந்தும் கணக்கு என்று படுகிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 706.50 கோடி ரூபாய்ச் செலவில் திறக்கப்பட்டது. ஷிப்ட் முடிந்து நடுச்சாமத்தில் வரும் ஓர் இளம்பெண் இந்தச் சாலைகளில் தனியே வாக்கிங் போவாள் என்று எதிர்பார்க்க முடியாது. இப்படிப்பட்ட விடுதிகளிலும், தொழிலாளர்கள் நெருங்கி வாழும் குடியிருப்புகளிலும், தளத்துக்கு ஒன்றிரண்டு நல்ல ஜிம் வகை எலிப்டிகல்கள் இருந்தால் இரவிலும் ஓசை வராது, கரண்ட் போனாலும் நிற்காது, தேய்மானமும் குறைவு. ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள மெஷினை ஒருவர் வாங்கினால் ஆடம்பரம். அறுபது பேர் மிதித்தால் ஆளுக்கு இரண்டாயிரம்கூட ஆகாது. தொழிலாளர் நலன் என்று கம்பெனிகள் ஒதுக்கும் பணத்தில் இது ஒரு பொருட்டே அல்ல.

தனியாக வாங்கியே தீர வேண்டும் என்பவர்களுக்குப் பழைய மெஷின் நல்ல வழி. ஆசையாக வாங்கி ஆறு மாதத்தில் அலுத்துப்போனவர்கள் பாதி விலைக்குத் தள்ளிவிடக் காத்திருக்கிறார்கள். பார்க்கப் போகும்போது திரையை விட்டுவிடுங்கள். அது ஓடாவிட்டாலும் பரவாயில்லை. மிதிகட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தண்டவாளத்தில் உருளும் சக்கரம் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். பெல்ட் வழுக்கினாலும் மாற்றலாம், விலையைக் குறைத்துக் கேட்க அது ஒரு சாக்கு. கிராங்க் பேரிங்கில் ப்ளே இருந்தால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள்.